தெருவின் ஆளா, சங்கத்தின் ஆளா?

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லுந்தோறும் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. கப்பலுக்கு உரியவர், சரக்குக்கு உரியவர், துறைமுகத் தொழிலாளி, சுங்க இலாகா, ரயில்வே என்று இத்தனை தரப்பாரின் நலன்களும் மோதும் துறைமுகத்தில் முடிவு செய்பவர் யார்?

சென்னைத் துறைமுகத்துக்கென 1905-ஆம் ஆண்டுச் சட்டம் டிரஸ்டிகள் சபை ஒன்றை நிறுவிற்று. டிரஸ்டி என்றால் தர்மகர்த்தா என்பது பொருள். பின்னர் சென்னைக்கும் பொருந்திய 1963-ஆம் ஆண்டுச் சட்டம், கப்பல் உரிமையாளருடனும் சரக்கு அனுப்புவோருடனும் தொழிலாளரையும் அச்சபையில் அமர்த்திற்று. கூடவே ஒரு கட்டளையும் விதித்தது. தமக்குப் பண சம்பந்தமுள்ள விஷயம் வந்தால், அந்த டிரஸ்டி விவாதத்தில் கலந்துகொள்ளலாகாது, வாக்களிக்கவும் ஆகாது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சபையைச் சிறிதாக்கி, எத்தரப்பையும் சாராத உறுப்பினருக்கும் இடமளித்துள்ளது. ஊழியர் நலனுக்காக இருவர் இன்றும் இடம்பெறுகின்றனர்.

இதே கேள்வி ஐரோப்பாவில் நாடுகளுக்கிடையே எழுந்தது. இரு பெரும் போர்களால் நொந்த பிரான்சும் மேற்கு ஜெர்மனியும், இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவற்றோடு 1951-இல் ஒப்பந்தம் செய்து, நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்தன. 1952-இல் ஒன்பதுபேர் கொண்ட உயர் அதிகார சபை லக்சம்பர்கில் பணி தொடங்கியது. ழான் மொனே அதன் முதல் தலைவர். சபையினர் தம் நாட்டு அரசின் உத்தரவைக் கேட்கவும் கூடாது, ஏற்கவும் கூடாது என்பது விதி. உற்பத்தியின்மீது வரி விதிக்கும் அதிகாரமும் அச்சபைக்கு இருந்தது. எனினும் அது தடையற்ற அதிகாரமன்று. மூன்றில் இரு பங்கு வாக்கால் அதனை விலக்கும் உரிமை பொது மன்றத்துக்கு இருந்தது.

1959-இல் நிலக்கரி விற்காமல் தேங்கியபோது, நெருக்கடி நடவடிக்கை எடுக்க அச்சபை விழைந்தது. மந்திரிகள் கவுன்சில் இசையவில்லை, திட்டம் நின்றது. உறுப்பு நாடுகளின் துணையின்றி, சுதந்திரமான நிர்வாகமும் செயலற்றுப் போகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. 1967-இல் அச்சபை, 1958-இல் தோன்றிய வேறு இரு கமிஷன்களுடன் இணைந்து ஒரே கமிஷனாயிற்று.

கடல் கடந்த இக்கதை நமக்கு எதற்கு என்று அங்கத்தினர்கள் வினவலாம். நாம் மேற்பார்வைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நூல் குறைவாக வந்திருந்தது. டைரக்டர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தெருவுக்கே வாதாடினர். மாலைவரை தீர்மானம் நிறைவேறவில்லை. மூட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. எல்லாத் தெருவிலும் தறி நின்றது. நாமும் நடவடிக்கைப் புத்தகத்தைப் பார்த்துக் கையொப்பமிட்டதோடு திரும்பினோம். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் நமக்கு இன்றும் உண்டு.

தெரு தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அத்தெருவின் குறையை எடுத்துரைப்பது கடமையே. ஆனால் தீர்மானிக்கும் வேளையில் அவர் சங்கம் முழுமைக்கும் தர்மகர்த்தா. விதையும் உரமும் பங்கிடும் விவசாயிகள் சங்கத்துக்கும் இது பொருந்தும். தம் கடனோ தம் உறவினர் கடனோ பேச்சுக்கு வந்தால், டைரக்டர் எழுந்து வெளியே செல்லட்டும். அதனை நடவடிக்கைப் புத்தகத்தில் பதியட்டும். அவ்வாறு பதிந்துள்ளதா என்று அடுத்த பொதுப்பேரவையில் அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். கேட்பது அவர்தம் உரிமை. கேளாதிருந்தால் நஷ்டமும் அவர்தமதே.