வெள்ளிக்கிழமை பஸ் – 6: மெஷின் விற்றவர் காத்த காடு

மான்டெவெர்டேக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது காடு அல்ல, மாடு. நெடுஞ்சாலையை விட்டு பஸ் மலையேறத் தொடங்கியதும் இருபுறமும் புல் போர்த்திய சரிவுகள், அவற்றைப் பிரிக்கும் உயிர்வேலிகள், நடுவே மேயும் பசுக்கள். கோஸ்டா ரிகா என்றாலே கோடரி படாத காடு என்று நம்பி வந்திருந்த வகுப்புத் தோழி ஒருத்தி, பாதி மலையில் "காடு எங்கே?" என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான்.

சென்ற வாரம் எழுதிய போவாஸ் எரிமலை, நான் ஸ்பானிஷ் படிக்கும் எரேதியா நகரத்திலிருந்து காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். இது அப்படியல்ல. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த கையோடு சான் ஹொசே போய் பஸ் பிடித்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மலைப்பாதைக்குத் தார் போட்டதே சமீபத்தில்தான். நல்ல சாலை வந்தால் கூட்டம் குவிந்துவிடும் என்று ஊர்க்காரர்களில் ஒரு சாரார் பல வருடம் வேண்டாமென்றே சொல்லிவந்தார்கள். கூட்டம் எப்படியும் வந்துவிட்டது.

அந்த மாடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 டிசம்பரில், அப்போது ஆட்சியிலிருந்த ஹொசே ஃபிகெரெஸ் இந்த நாட்டின் ராணுவத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், ஆயுதம் ஏந்துவது தங்கள் நம்பிக்கைக்கு விரோதம் என்று ராணுவப் பதிவுக்கு மறுத்துச் சிறை போனார்கள். ராணுவமே இல்லாத நாட்டில் போய் வாழலாம் என்று அவர்களும் சுற்றத்தாரும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். 1951-இல் இந்த மலையில் சுமார் 1,400 ஹெக்டேர் வாங்கி, காட்டைத் திருத்திப் புல் வளர்த்து, பால் கறந்து, சீஸ் ஆலையும் வைத்தார்கள். மேலே, ஓடைகள் பிறக்கும் பகுதியில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். பறவைகளுக்காக அல்ல, தண்ணீருக்காக.

சிறை போன நால்வரில் ஒருவர் வில்ஃபோர்ட் குவின்டன். ஊருக்கு அவர் 'உல்ஃப்'. காடு வெட்டி நிலம் சேர்த்தவர் மட்டுமல்ல, மரம் அறுக்கும் மெஷினை இந்த மலையில் மற்றவர்களுக்கு விற்றவரும் அவர்தான். அதே மனிதர் 1972-இல் ஜார்ஜ் பவெல் என்ற இளம் உயிரியலாளரோடு சேர்ந்து மான்டெவெர்டே மேகக் காட்டுக் காப்பகத்தை உருவாக்கினார். 2016-இல் இறந்தார், அதற்கு முன் பல பத்தாண்டுகள் இந்தக் காட்டில் பாதை வெட்டியும் எல்லை காத்தும் நடந்தவர். ஒரேயடியாக மனம் மாறிய ஞானி என்று அவரைச் சித்திரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மரம் எங்கே நிற்கிறது என்று வெட்டியவனுக்குத்தான் தெரியும். அந்த அறிவு கைமாறவில்லை, வேலைதான் மாறியது.

சனிக்கிழமை காலை காப்பக வாசலில் ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டும் குழுக்கள் நிரம்பி வழிந்தன. ஸ்பானிஷ் குழுவில் கார்தாகோ ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பமும் நானும்தான். வழிகாட்டி எனக்காக வேகத்தைக் குறைக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். வகுப்பில் யாரும் இவ்வளவு வேகமாகப் பேசுவதில்லை.

கரீபியன் கடலிலிருந்து வரும் காற்று டிலாரான் மலைத்தொடரில் மோதி மேலேறி, குளிர்ந்து, மேகமாகி, மரங்களுக்குள்ளேயே புகுந்து போகிறது. மழை பெய்யாத நேரத்திலும் இலைகள் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச்சொட்டாகக் கீழே இறக்குகின்றன. கிளை தெரியாதபடி பாசி, பாசி மேல் பெரணி, பெரணிக்கு நடுவே ஆர்க்கிட். இந்த மலைப்பகுதியில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் உண்டு. பல, சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை.

எல்லோரும் வருவது கெட்சால் என்ற பறவைக்காக. பச்சை முதுகு, சிவந்த வயிறு, உடலைவிட நீண்டு தொங்கும் ஆணின் வால். வழிகாட்டி தொலைநோக்கியைத் திருப்பிவைத்த இடம் ஒரு காட்டு அவகாடோ மரம். சின்னஞ்சிறு பழம், கெட்சால் முழுசாக விழுங்கிக் கொட்டையைப் பிறகு கக்கிவிடும். கார்தாகோ வீட்டுச் சிறுமிதான் முதலில் கண்டாள். நானும் பார்த்தேன். வர்ணிக்க முயன்று பத்திரிகையின் இடத்தை வீணாக்கப் போவதில்லை.

வழிகாட்டி அதற்கடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கெட்சால் வருடம் முழுக்க உச்சியில் இருப்பதில்லை. குஞ்சு பொரித்து முடிந்ததும் பழம் தேடி இரு பக்கச் சரிவுகளிலும் கீழே இறங்குகிறது. பவெல் பறவைகளின் மேல் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்து இதை நிறுவினார். அப்படியானால் உச்சியை மட்டும் காத்துப் பயனில்லை, கீழே இருக்கும் காடும் வேண்டும். பக்கத்து நிலங்களை வாங்கக் கைகொடுத்தவர்களில் ஸ்வீடனின் ஒரு கிராமப் பள்ளிக் குழந்தைகளும் உண்டு. 1987-இல் அவர்கள் காசு சேர்க்கத் தொடங்க, பிற நாட்டுக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். குழந்தைகளின் நிரந்தரக் காடு என்ற பெயரோடு அது இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து, நாட்டின் மிகப் பெரிய தனியார் காப்பகமாக இருக்கிறது.

காத்தும் கைநழுவியது ஒன்று உண்டு: பொன் தேரை. இந்த மலைமுகட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. ஆண் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். மழைக்காலத் தொடக்கத்தில் வேரடிக் குட்டைகளில் கூடும். 1987-இல் 1,500-க்கும் மேல் கண்டார்கள். மறுவருடம் அதே குட்டைகளில் ஒன்று. 1989-இல் ஒன்று. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்த வருடங்களின் வறட்சியும், தவளை இனங்களை உலகெங்கும் அழித்துவரும் தோல் பூஞ்சையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் வேலி தெரியாது.

மதியத்துக்கு மேல் கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டுக்குத் தோழி போனாள். நான் போகவில்லை, அந்த அலறலைக் கீழேயிருந்து கேட்டதே போதும்.

ஞாயிறு இரவு எரேதியா திரும்பி, நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் மாடுகளைப் பற்றிக் கேட்டேன். "எங்கப்பாவும் மலையில காடு வெட்டித்தான் நிலம் எடுத்தார். வெட்டினாத்தான் அது உன் நிலம்னு ஒத்துக்குவாங்க. சும்மா விட்டா சோம்பேறின்னு பேரு" என்றார், சோறும் கறுப்பு பீன்ஸும் கிளறிக்கொண்டே. நிலம் பிடிக்கும் அந்த முறையும், அமெரிக்காவுக்குப் போன மாட்டிறைச்சியும் சேர்ந்து, 1980-களில் நாட்டின் பரப்பில் கால்வாசி அளவுக்குக் காட்டைக் குறைத்துவிட்டன. இறைச்சி விலை சரிந்தது. 1996-இல் வந்த வனச் சட்டம், காட்டை அழித்து வேறு உபயோகத்துக்கு மாற்றுவதைத் தடைசெய்தது. மரத்தை நிற்க விடும் நிலக்காரருக்கு, பெட்ரோல், டீசல் வரியின் ஒரு பங்கிலிருந்து பணம் தரவும் வழி செய்தது. இன்று பாதிக்கு மேல் மறுபடி காடு.

அப்பா வெட்டிய நிலம் இப்போது அம்மாவின் அண்ணன் கையில். அதில் ஒரு பகுதியில் மரம் எழும்பிவிட்டது. அதற்கு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். பணம் வரும்போதெல்லாம், "மாடு விட்டிருந்தா இதைவிட வந்திருக்கும்" என்று தங்கைக்கு போன் போட்டு அங்கலாய்ப்பாராம். ஒப்பந்தம் முடிகிற வருடம் தவறாமல் போய்ப் புதுப்பித்துவிடுகிறார் என்று சொல்லி அம்மா சிரித்தார்.

(அடுத்த வாரம்: சாலையே இல்லாத தோர்துகெரோவுக்குப் படகில்)