தாய்ப்பால் பருகும் சிசுவும் ஜீவசத்து 'டி'யும்

ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் ஐதராபாத் நகரத்தில், சூரிய ஒளியால் உடலில் உற்பத்தியாகும் ஒரு சத்து பிறந்த குழந்தைகளுக்குப் போதாமல் இருக்கிறது என்று வைத்தியர் சொல்லும்போது, வீட்டுப் பெரியவர்கள் அதை நம்பத் தயங்குவது இயல்பே. "எண்ணெய் தேய்த்துக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் போதாதா?" என்று பாட்டிமார் கேட்கிறார்கள். அந்த வழக்கம் வாஞ்சையில் பிறந்தது, குழந்தையின் தேகத்துக்கு இதமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோலில் ஜீவசத்து 'டி'யை உண்டாக்கும் புற ஊதாக் கதிர்கள், சூரியன் உயர்ந்து நிற்கும் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரையில்தான் போதிய அளவு பூமியை வந்தடைகின்றன. ஏழு மணி இளவெயிலில் அவை மிகச் சொற்பம். மூடிய ஜன்னல் கண்ணாடியின் வழியே வரும் வெயிலில் அநேகமாக இல்லவே இல்லை. உச்சி வெயிலிலோ, மே மாதத்து ஐதராபாத்தின் மொட்டை மாடியில் ஒரு பச்சிளம் சிசுவைக் கிடத்த எந்தக் குழந்தை வைத்தியரும் சம்மதிக்கமாட்டார். மேலும் நம்மவரின் கறுத்த சருமம் வெயிலின் கடுமையிலிருந்து நம்மைக் காப்பது போலவே, இந்தச் சத்து உருவாவதையும் தாமதப்படுத்துகிறது.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் தாய்ப்பால் குறைபாடுள்ளதா?" என்ற விபரீதமான சந்தேகம் எழுகிறது. அதைத் தீர்க்க ஐதராபாத்தே நல்ல இடம். 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிப் பிரிவு வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தார்னாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அதன் இயக்குநராக விளங்கியவரும் சேலத்தில் பிறந்தவருமான டாக்டர் சி. கோபாலன், ஏழைத் தாய்மார்களின் பால்சுரப்பைப் பற்றி 1950-களிலேயே ஆராய்ந்து எழுதியவர். தாய் அரைவயிறு உண்டபோதிலும் தன் சிசுவுக்கு வேண்டிய பாலை அவள் உடல் பெரும்பாலும் குறைவின்றிச் சுரக்கிறது என்பது அத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவான உண்மை. ஆனால் சில ஜீவசத்துக்களின் விஷயம் வேறு: தாயின் உடலில் இருப்பு எவ்வளவோ, அதைப் பொறுத்தே அவை பாலில் இறங்குகின்றன. லக்னோவில் கர்ப்பிணிகளிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 84 சதவீதத்தினருக்கு ஜீவசத்து 'டி' குறைவாக இருந்தது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் சாதாரணமாக 80 யூனிட்டுக்கு மேல் ஜீவசத்து 'டி' இருப்பதில்லை. குழந்தைக்கோ நாளொன்றுக்கு 400 யூனிட் தேவை. தாய்ப்பாலுக்கு ஈடான உணவு சிசுவுக்கு வேறில்லை. வெயில் தர வேண்டிய ஒன்றை மட்டும் பாலிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

இந்தச் சத்துக் குறைவால் எலும்பு இறுகாமல் வளையும் ரிக்கெட்ஸ் வியாதி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1922-இலேயே ஹட்சிசன், ஷா என்னும் இரு வைத்தியர்கள் நாசிக்கில் ஆராய்ந்து, வெளியே வெயிலில் உழைக்கும் எளிய குடும்பங்களைக் காட்டிலும், கோஷா வழக்கத்தால் வீட்டுக்குள்ளேயே அடைந்திருந்த வசதியான குடும்பங்களில்தான் இந்நோய் மிகுந்திருந்ததாக எழுதினார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று மாதம் அறையை விட்டு வெளிவராத இன்றைய பிள்ளைபெற்ற பெண்ணுக்கும் அந்தச் செய்தி பொருந்தும். மணிக்கட்டு தடித்தல், விலா எலும்புகளின் நுனி மணிகள் கோத்தாற்போல் புடைத்தல், உச்சிக்குழி மூடத் தாமதித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் மிகச் சிறு சிசுக்களில் இவை தோன்றுவதற்கு முன்பே, இரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வந்துவிடக்கூடும். வலிப்பு வந்தால் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர வேறெதையும் வீட்டில் செய்துகொண்டிருக்கலாகாது.

நிவாரணம் எளிது. பிறந்த முதல் சில நாட்களிலிருந்து ஒரு வயது நிறையும் வரை தினந்தோறும் 400 யூனிட் ஜீவசத்து 'டி'யைச் சொட்டு மருந்தாகக் கொடுக்கும்படி இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. ஆறு மாதத்துக்குப்பின் ராகிக் கூழ் ஊட்டுகிறோமே என்பார்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது மெய்தான், ஆனால் அந்தக் கால்சியத்தைக் குடல் ஏற்றுக்கொள்ளத் துணை செய்யும் ஜீவசத்து 'டி' ராகியில் கிடையாது. ஒன்பதாம் மாதத்தில் அரசு கொடுக்கும் சொட்டு ஜீவசத்து 'ஏ'. அதையே ஜீவசத்து 'டி' என்று எண்ணி, தினசரிச் சொட்டை நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கு வைத்தியர் வேறு அளவு சொல்லலாம். ஆரோக்கியமான குழந்தைக்கு இதற்கென்று இரத்தப் பரிசோதனை அவசியமில்லை.

இனி அபாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மருந்துக்கடையில் சொட்டு மருந்துப் புட்டி ஒன்றில் "ஒரு மில்லிக்கு 400 யூனிட்" என்றும், பார்வைக்கு ஏறக்குறைய அதே போன்ற மற்றொன்றில் "ஒரு மில்லிக்கு 800 யூனிட்" என்றும் அச்சிட்டிருக்கும். முதலாவதில் ஒரு மில்லி எதுவோ, இரண்டாவதில் அரை மில்லி அது. புட்டி மாறியதைக் கவனியாமல் பழைய அளவையே கொடுத்தால் குழந்தைக்குத் தினமும் இருமடங்கு போய்ச் சேரும். இதனினும் பெரிய ஆபத்து, பெரியவர்கள் வாரம் ஒரு முறை உட்கொள்ளும் 60,000 யூனிட் பொட்டலமும் சிறு குப்பியும். ஐந்து மில்லிக் குப்பியைச் சிசுவுக்கான மருந்து என்று கருதி ஒரே வேளையில் ஊட்டிவிட்டால், 150 நாட்களுக்கு உரிய மருந்து ஒரே நாளில் உள்ளே போய்விடுகிறது. அதையே தினமும் தொடர்ந்தால் நேரும் கேட்டைச் சொல்லவே வேண்டியதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 ஜூன் மாதத்தில், 400 யூனிட்டுக்கு அதிகமாகக் கொள்ளும் பெரிய துளிக்குழல்களால் சிசுக்களுக்கு மிகையளவு நேரக்கூடும் என்று எச்சரித்தது. மிகையானால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், பாலில் விருப்பமின்மை, அடிக்கடி சிறுநீர் போதல், எடை குறைதல் ஆகிய உபாதைகள் தோன்றும்; கவனியாது விட்டால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். ஐயம் எழுந்த கணமே சொட்டு மருந்தையும் கால்சிய மருந்தையும் நிறுத்தி, தாய்ப்பாலை நிறுத்தாமல், புட்டியையும் துளிக்குழலையும் கையோடு எடுத்துக்கொண்டு, நிலோபர் மருத்துவமனை போன்ற குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தில் கால்சியத்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பையும் அறிந்திருப்பது நல்லது. சத்துக்குறைவைக் காரணம் காட்டித் தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறுமாறு தூண்டும் விளம்பரத்தையும், மருத்துவ ஊழியர் மூலமான பிரசாரத்தையும் 1992-ஆம் ஆண்டுச் சிசுப் பால்மாவுச் சட்டம் தடை செய்கிறது. 2003-இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தை மீறுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மருந்துக்கு ரசீது கேட்டால் கடைக்காரர் மறுக்கலாகாது; மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிகமாகும். தவறான அளவால் குழந்தை பாதிக்கப்பட்டால், சிகிச்சை ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று தொழில் நெறி விதிகள் சொல்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். ஆரம்ப யோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற எண்ணில் தெரிவித்தால், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அது உபகாரமாகும்.

பிரசவ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் குழந்தை வைத்தியரிடம், எத்தனை யூனிட், எந்தப் புட்டியில் எத்தனை மில்லி, எத்தனை மாதம் வரை என்ற மூன்றையும் கேட்டு, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். புட்டியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சீட்டையும் லேபிளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.