துண்டு யார் கணக்கில்?

2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை. தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் திருச்சியில் பிரசாரத்தைத் தொடங்கி, இரவில் அரியலூர் வந்து பேசினார். பெரம்பலூருக்கு நேரம் மிஞ்சவில்லை. அந்த ஊர்க் கூட்டம் ரத்தானது. படத்துக்குக் கோடிகளில் சம்பளம் வாங்கியவரின் கட்சிக் கூட்டத்துக்கு, கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார் ஒரு தொண்டர். அந்தத் துண்டுக்குக் காசு கொடுத்தது யார்? பெரும்பாலும் அவரேதான். கூட்டம் நடக்கும் இடத்தில் சாலையோரம் சாக்கு விரித்து விற்பவரிடம் வாங்கியிருப்பார். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் இதே வியாபாரம் உண்டு.

பணக்காரத் தலைவர்கள் இருக்க, ஏழைத் தொண்டர் ஏன் வாங்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் என் அனுமானம்: துண்டு 50 ரூபாய், தொப்பி 30, சின்னக் கொடி 20. ஆக ஒருவருக்கு 100.

முதலில், இந்தச் சரக்கை விற்று ஒரு கட்சி சம்பாதிக்க முடியுமா? துண்டுக்கு 20 ரூபாய் லாபம் என்று வைப்போம். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த பிறகு வெளிவந்த விவரப்படி, தி.மு.க. பத்திரங்கள் வழியாக நன்கொடையாகப் பெற்றது 656.5 கோடி. அதில் 509 கோடி ஒரே நிறுவனம் தந்தது, லாட்டரித் தொழில் நடத்தும் ஃப்யூச்சர் கேமிங். இந்த 509 கோடியைத் துண்டு விற்று ஈட்ட 25 கோடியே 45 லட்சம் துண்டு விற்றாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகை 5,65,223, அரியலூர் 7,54,894. இரண்டும் சேர்ந்து 13,20,117. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 193 துண்டு! ஒரு முதலாளி தரும் தொகைக்கு முன்னால் துண்டு லாபம் தூசு. அதனால்தான் இங்கே பெரிய கட்சிகள் அதில் கை வைக்காமல் சாக்கு விரித்தவருக்கே விட்டுவிடுகின்றன. சரக்கு தேங்கினால் நட்டமும் அவருக்கே. பெரம்பலூர்க் கூட்டத்தை நம்பி யாராவது கொள்முதல் செய்திருந்தால், அன்றைய நட்டத்தை எந்தக் கட்சி அலுவலகமும் ஏற்றிருக்காது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தலைவரே கடை வைக்கிறார். டொனால்ட் டிரம்ப் பெயரைச் சொல்லி விற்ற பைபிளின் விலை 59.99 டாலர். சீனாவில் அச்சாகி 2024 தொடக்கத்தில் வந்திறங்கிய ஏறக்குறைய 1,20,000 பிரதிகளின் மதிப்பு 3,42,000 டாலர் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் சுங்க ஆவணங்களைப் பார்த்து எழுதியது. பிரதிக்கு 3 டாலர்கூட இல்லை. 2025 ஜூனில் வெளியான அவருடைய வருமான அறிக்கையில் பைபிள் வழியாக 13 லட்சம் டாலர், கைக்கடிகாரத்தில் 28 லட்சம், காலணியிலும் வாசனைத் திரவியத்திலும் 25 லட்சம். கூட்டினால் 66 லட்சம். இது கட்சி நிதி அல்ல, சொந்த வரவு. ஆனால் அதே அறிக்கையில் ஒரு கிரிப்டோ நிறுவனத்தின் டோக்கன் விற்பனையில் வந்தது மட்டும் 5 கோடியே 73 லட்சம். அங்கேயும் சில்லறைச் சரக்கு சில்லறை வரவுதான்.

பிரசாரக் குழு விற்கும் தொப்பி தனி. அதை வாங்கினால் அமெரிக்கச் சட்டப்படி முழு விலையும் நன்கொடை. வாங்குபவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் குழுவுக்கு வந்து சேரும். தொப்பியின் லாபத்தைவிட அந்தப் பட்டியலுக்கே மதிப்பு. அடுத்த மாதம் மறுபடி கேட்கலாம். நம் கட்சிகளுக்குப் பட்டியல் வேறு வழியில் கிடைத்துவிடுகிறது. பா.ஜ.க. மிஸ்டு கால் வழியாக உறுப்பினர் சேர்த்தது, த.வெ.க. 2024 மார்ச்சில் கைபேசிச் செயலி வழியாகச் சேர்த்தது.

இடையில் ஒரு தமிழ்நாட்டு வகையும் உண்டு. 2013 செப்டம்பர் 15 முதல் பேருந்து நிலையங்களில் அம்மா குடிநீர் லிட்டர் 10 ரூபாய்க்கு விற்றது. முதலீடு அரசுடையது, பெயர் தலைவருடையது. அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் சொந்தக் கணக்கில் செலவு பூஜ்யம். அதற்கும் முன்னே, 1967 தேர்தலுக்கான தி.மு.க. நிதிக்கு அண்ணா வைத்த இலக்கு 10 லட்சம். கருணாநிதி 11 லட்சம் திரட்டித் தந்தார். அன்று தொண்டர் போட்ட காசு கட்சி நிதியாகி, மேடையில் தொகையோடு அறிவிக்கப்பட்டது. இன்று சாலையோரம் அவர் தரும் 50 ரூபாய் எங்கே எழுதப்படுகிறது?

எங்கும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வெற்றிடம்தான். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரைத்தான் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். துண்டு வாங்கியவர் அந்த வரம்பைத் தொடவே மாட்டார். காசு கட்சிக்குப் போகவே இல்லை என்பதால் நன்கொடையாளரே அல்ல. வேட்பாளர் செலவிலும் அது ஏறாது. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். அரியலூர் தொகுதியில் ஒருவர் 20,000 பேருக்குத் துண்டும் தொப்பியும் தானே கொடுத்தால் செலவு 16 லட்சம், அதாவது வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு. அந்த 20,000 பேரும் தாங்களே வாங்கிக்கொண்டால் அந்த 16 லட்சம் ஜீப்புக்கும் விளம்பரத்துக்கும் மிச்சம்.

ஆணையத்தின் விதி இன்னும் சுவாரசியம். தொப்பி, கழுத்துத் துண்டு கொடுக்கலாம், கணக்கில் காட்ட வேண்டும். சேலை, சட்டை போன்ற முழு உடுப்பு கொடுத்தால் வாக்காளருக்கு லஞ்சம் என்றாகிவிடலாம். கரை வேட்டியும் முழு உடுப்புதானே? வேட்பாளர் கொடுத்தால் வழக்கு. தொண்டர் சொந்தக் காசில் கட்டினால் விசுவாசம்.

இனி தொண்டர் பக்கம். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூருக்கு பைக்கில் போய்வர எழுபது கிலோமீட்டர் போல ஆகும். பெட்ரோல் 150 ரூபாய். துண்டு, தொப்பி, கொடி 100. அன்றைய கூலி போனது: 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலையின் தினக்கூலி 336. மொத்தம் 586 ரூபாய். டீ, பிரியாணி சேர்க்கவில்லை. இப்படிப் பத்தாயிரம் பேர் வந்தால் 58 லட்சத்து 60 ஆயிரம். சட்டம் ஒரு சட்டமன்ற வேட்பாளருக்கு முழுத் தேர்தலுக்கும் அனுமதிக்கும் தொகையைவிடப் பதினெட்டரை லட்சத்துக்கும் மேல் கூடுதல், ஒரே நாளில்! தலைவர் கடை திறக்கவே தேவையில்லை.

செப்டம்பர்க் கூட்டமாக இருந்தால் வேட்பாளர் கணக்கு என்ற பேச்சே எழாது. மனு தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைதான் அது. கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே கிடையாது. தேர்தல் நேரத்தில் மட்டும் ஆணையத்தின் வீடியோ குழு வந்து மேடை, நாற்காலி, வண்டி எல்லாவற்றையும் பதிவு செய்து, மாவட்ட விலைப்பட்டியலின்படி கணக்கிட்டு வேட்பாளர் தலையில் எழுதுகிறது. தோளில் கிடக்கும் துண்டைக் கேட்டால், “நான் காசு கொடுத்து வாங்கினது சார்” என்று ஒருவர் சொல்லிவிடலாம். அது உண்மையாகவும் இருக்கும்.