ஒரு சுண்டு அரிசி

பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி இரவல் வாங்குகிறீர்கள். அவர்கள் குவித்து அளந்து தருகிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் கை சுண்டின் விளிம்போடு வழித்து விடுகிறதா?

அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்தின் பெயர் அல்முதஃப்பிஃபீன், அதாவது அளவில் குறை செய்வோர். வாங்கும்போது நிறைவாய் வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவரை அது கண்டிக்கிறது. நாமோ இதைக் கடைக்காரருக்கு மட்டும் ஓதிக் காட்டுகிறோம். (அவர்களுக்கும் தேவைதான்.) குசினியில் தராசு இல்லாததால் நாம் தப்பிவிட்டதாக நினைப்பு.

'அக்லாக்' என்றதும் பலருக்கும் பயான் மேடைதான் ஞாபகம் வருகிறது. அதன் ஒருமைதான் 'குலுக்'. ஹிஜ்ரி 505இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி அவர்கள், யோசிக்காமலே செயல்கள் இலகுவாக வெளிப்படும்படி உள்ளத்தில் ஊன்றிவிட்ட தன்மையையே குலுக் என்றார்கள். ஆட்கள் பார்க்க ஒருநாள் அள்ளிக் கொடுப்பது இதில் சேராது. தீய செயல் அப்படி இலகுவாக வருமானால் அதுவும் குலுக்தான், கெட்ட குலுக். சுண்டை வழிக்கும் கையும் யோசிப்பதில்லையே!

என் உம்மா இரவல் அரிசியைத் திருப்பி அனுப்பும்போது மேலே இன்னொரு பிடி போடுவார்கள். சிறு வயதில் ஒருநாள், "ஏன் உம்மா கூடப் போடுறீங்க?" என்று கேட்டேன்.

"எதை மகன்?" என்றார்கள். தமது கை செய்ததை அவர்கள் கவனித்திருக்கவில்லை.