தூங்கும் கருவிக்கு எந்த பக் கன்வெர்ட்டர்?

இஎஸ்பி32 சிப் ஆழ்ந்து உறங்கும்போது சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான் இழுக்கும். வைஃபையில் தகவல் அனுப்பும் கணத்தில் அதுவே 240 மில்லிஆம்பியரை எட்டும். இந்த உச்சத்தை மட்டும் பார்த்துப் பலர், மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டராக எல்எம்2596 போர்டை வாங்கிவிடுகிறார்கள். அது சும்மா இருக்கவே 5 மில்லிஆம்பியர் தின்னும். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 17 நாளுக்குள் காலி!

ஆகவே ஓய்வு மின்னோட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிபிஎஸ்62840 சிப்பில் அது வெறும் 60 நானோஆம்பியர்; தேவைப்பட்டால் 750 மில்லிஆம்பியர் வரை தரும். ஆனால் சுமை குறைந்த நேரத்தில் இவ்வகைச் சிப்புகள் எப்போதாவதுதான் சுவிட்ச் ஆகும். திடீரென உச்சம் வந்தால் சுதாரிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை தாங்குவது வெளியீட்டு மின்தேக்கி. கூடுதலாக 200 மில்லிஆம்பியர், 50 மைக்ரோவினாடிக்கு வேண்டும், மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கு மேல் சரியக் கூடாது என்றால் 100 மைக்ரோஃபாரட் தேவை. செராமிக் வகை என்றால் கவனம்: டிசி மின்னழுத்தம் ஏற ஏற அதன் கொள்ளளவு சுருங்கிவிடும்.