சாம் குக் பாடிய இரண்டு சபைகள்

அமெரிக்கப் பாடகர் சாம் குக், 1963 ஜனவரி 12-ஆம் தேதி இரவு மயாமி நகரத்து ஹார்லம் ஸ்குவேர் கிளப்பில் பாடிய கச்சேரியும், பதினெட்டு மாதங்கள் கழித்து 1964 ஜூலை 7, 8 தேதிகளில் நியூயார்க் நகரத்து கோப்பகபானா விடுதியில் பாடிய கச்சேரியும் இசைத்தட்டுகளாக இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன. பாடியவர் ஒருவர், பதிவு செய்த ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனியும் ஒன்றே. ஒன்றிரண்டு பாட்டுகள் கூட இரண்டிலும் பொதுவாக இருக்கின்றன. ஆயினும் இவற்றை அடுத்தடுத்துக் கேட்கிறவருக்கு, இவை இருவேறு மனிதர்களின் சாரீரங்களோ என்ற பிரமை ஒரு கணம் தோன்றாமல் போகாது. மயாமியில் கேட்பது கரகரத்து, மூச்சு வாங்கி, வேர்வையில் நனைந்து, கூட்டத்தை அதட்டியும் கெஞ்சியும் தன்னோடு இழுத்துச் செல்லும் குரல். நியூயார்க்கில் கேட்பதோ பட்டுப்போல் வழுக்கி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் புன்னகையோடு எடுத்து வழங்கும் குரல். இவற்றுள் எது மெய்யான சாம் குக் என்பதே நாற்பது ஆண்டுகளாக அவருடைய ரசிகர்களைப் பிரித்துவைத்திருக்கும் விவாதம்.

விவாதத்தின் வேரைக் காண வேண்டுமானால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். மிசிசிப்பி மாகாணத்துக் கிளார்க்ஸ்டேலில் 1931-இல் ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகனாகப் பிறந்து, சிகாகோவில் வளர்ந்து, 1950-இல், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற பிரசித்தி பெற்ற பக்தி இசைக் குழுவில் ஆர். எச். ஹாரிஸ் என்ற மகா வித்வான் விட்டுச்சென்ற ஸ்தானத்தை ஏற்றவர் அவர். ஆறேழு ஆண்டுகள் கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் பாடிப் பாடி, அம்மக்களின் இருதயத்தில் நிலையான இடம்பெற்ற பிறகு, 1957-இல் 'யூ சென்ட் மீ' என்ற காதல் பாட்டின் வாயிலாக அவர் லௌகிக சங்கீதத்திற்குள் காலெடுத்து வைத்தபோது, அது அமெரிக்கா முழுவதிலும் முதலிடம் பெற்ற வெற்றியாயிற்று. அதே சமயத்தில், தேவனுக்குப் பாடிய நாவால் காதலிக்குப் பாடுகிறானே என்று பழைய பக்தர்கள் பலர் மனம் புண்பட்டதும் உண்டு. ஆக, அவருடைய ரசிகர்கள் அவரைக் குறித்துப் பிணங்கியது அதுவே முதல் தடவை. பிற்காலத்துப் பிணக்கு அதன் தொடர்ச்சிதான் என்பது என் எண்ணம்.

வெளியான வரிசைப்படி பார்த்தால் நியூயார்க் தட்டே முதலாவது. கோப்பகபானா என்பது அந்நாளில் வெள்ளை அமெரிக்கர் விருந்துண்டபடியே பாட்டுக் கேட்கும் மிகப் பெரிய விடுதி. 1940-களில் கறுப்பர்கள் அதன் மேடையில் ஏறிப் பாடலாமேயன்றி மேஜையில் அமர்ந்து உண்ண அனுமதியில்லை. 1958-இல் சாம் குக் அங்கே முதன்முறை பாடப்போய்த் தோற்றுத் திரும்பினார். அந்தச் சபைக்கு வேண்டிய பாடாந்தரமும் பக்குவமும் அவரிடம் அப்போது இல்லை. அந்தத் தோல்வியை ஆறு ஆண்டுகள் மனத்திலே சுமந்திருந்து, ரெனே ஹாலின் வாத்திய அமைப்போடும், டைம்ஸ் சதுக்கத்தில் நிறுத்திய பிரம்மாண்டமான விளம்பரப் பலகையோடும் 1964 கோடையில் அவர் மீண்டும் அதே மேடை ஏறியபோது சபை முழுவதும் அவர் வசமாயிற்று. அந்த வெற்றியின் சாட்சியாகவே அக்டோபரில் தட்டு வெளிவந்தது. அடுத்த டிசம்பர் 11-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விடுதியில் சுடப்பட்டு, முப்பத்து மூன்றே வயதில் அவர் மாண்டுபோனார். அதனால், மேடையில் நின்று பாடிய சாம் குக்கை நேரில் கேட்டறியாத உலகத்திற்கு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரு தட்டே ஆதாரமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு, நயமான, நாகரிகமான, யாரையும் துன்புறுத்தாத ஒரு கலைஞர் என்று அவரைப் பற்றிய அபிப்பிராயம் உறுதிப்பட்டதில் வியப்பில்லை.

மயாமிப் பதிவு அந்த இருபது ஆண்டுகளும் கம்பெனியின் கிடங்கில் கிடந்தது. அது முரட்டுத்தனமாக இருக்கிறது, கூச்சல் மிகுந்திருக்கிறது, வெள்ளையரான இளைஞரும் வாங்கும் பாட்டுக்காரர் என்ற அவருடைய பெயருக்கு இது ஊறு செய்யும் என்று அதிகாரிகள் அஞ்சியதே காரணம் என்பார்கள். அந்த அச்சம் எவ்வளவு வீணானது என்பதற்கு அதே காலத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1962 அக்டோபரில் ஜேம்ஸ் பிரவுன், தம் கம்பெனி முதலாளி பணம் தர மறுத்துவிட்டதனால், சொந்தப் பணத்தைச் செலவிட்டு நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் தம்முடைய கச்சேரியைப் பதிவு செய்தார். கூட்டத்தின் கூக்குரல் நிறைந்த அந்தத் தட்டு 1963-இல் வெளிவந்து, விற்பனைப் பட்டியலில் 66 வாரம் நிலைத்து நின்றது. கதவு திறந்திருந்தது, சாம் குக்கின் கம்பெனிக்குத் துணிவுதான் வரவில்லை. கடைசியில் 1985-இல், கிரெக் கெல்லர் என்ற தயாரிப்பாளர் பழைய நாடாக்களைத் தேடுகையில் இதைக் கண்டெடுத்து வெளியிட்டார். அதைக் கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவர், தாங்கள் அதுவரை அறிந்திராத குரலில் பாடினால் திகைக்காமல் என்ன செய்வார்கள்?

அந்தத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. ஹார்லம் ஸ்குவேர் கிளப் இருந்தது மயாமியின் ஓவர்டவுன் என்ற கறுப்பர் பேட்டையில். கடற்கரைப் பெரு விடுதிகளில் பாட அழைக்கப்பட்ட கறுப்புக் கலைஞர்கள் அங்கே தங்க இடமின்றி இரவில் வந்து தங்கிய பேட்டை அது. பிற்பாடு நெடுஞ்சாலைக்காகப் பல்லாயிரம் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டுச் சிதைந்துபோன பேட்டையும் அதுவே. அன்றிரவு அவரோடு வாசித்தவர்களில் சாக்ஸபோன் வித்வான் கிங் கர்ட்டிஸ் இருந்தார். கிட்டாருக்குக் கார்னல் டுப்ரீயும் கிளிஃப்டன் ஒயிட்டும், முரசுக்கு ஜூன் கார்ட்னரும் இருந்தார்கள். முதல் பாட்டிலேயே வேகம் பிடித்துவிடுகிறது. 'செயின் கேங்' பாட்டில், விலங்கிட்ட கைதிகள் கல்லுடைக்கும்போது எழுப்பும் முனகலை அவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் ஏற்றுக்கொள்கிறது. நாட் கிங் கோல் முன்பு பிரபலமாக்கிய ஒரு பழைய காதல் பாட்டை அவர் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்த, மிச்சத்தைச் சபையே பாடி முடிக்கிறது. அதன் பிறகு வருவதுதான் அந்த இரவின் சிகரம். காதலியைப் பிரிந்த ஒருவன் அவளைத் தொலைபேசியில் அழைப்பதாக வசனமும் பாட்டுமாகக் கலந்து நெடுநேரம் சொல்லிக்கொண்டே போய், பழைய 'யூ சென்ட் மீ' பாட்டின் ஒரு துணுக்கைக் கதறலைப் போலத் தொட்டுவிட்டு, 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' என்ற பாட்டுக்குள் அவர் இறங்குகிறார். அந்தப் பாட்டின் முதல் பதிவில் லூ ரால்ஸ் என்ற பாடகர் பின்குரல் கொடுத்திருந்தார். இங்கே லூ ரால்ஸ் இல்லை. அவருடைய பங்கை முழுக்கப் பாடுகிறவர்கள் கிளப்பில் கூடியிருந்த ஆண்களும் பெண்களுமே. நம் ஊர் பஜனையில் பாகவதர் ஓரடி சொல்ல, கூடியிருப்போர் யாரும் கற்பிக்காமலே அதை வாங்கிப் பாடுவது போன்றது அது. கேட்பவரும் பாடுபவரும் என்ற பேதமே அங்கு மறைந்துபோகிறது.

இந்தத் தட்டின் பக்கம் நிற்கும் ரசிகர்கள் சொல்வதாவது: தம் மக்களின் நடுவே, யாருக்காகவும் நாவைக் கட்டிக்கொள்ளாமல் பாடிய இந்த மனிதரே அசல்; கோப்பகபானாவில் கேட்பது வெள்ளையரின் விருந்து மேஜைக்காக அணிந்துகொண்ட வேஷம். பெரும்பான்மையோர் கட்சி இன்று இதுவே. பத்திரிகைகள் காலந்தோறும் தொகுக்கும் சிறந்த இசைத்தட்டுகளின் பட்டியல்களும் மயாமியையே போற்றுகின்றன. எதிர்க்கட்சியினர் சிலர்தாம் என்றாலும் அவர்கள் சொல்வது புறக்கணிக்கத் தக்கதன்று. அவருடைய குரலின் தனிச்சிறப்பே சிரமம் தெரியாத அந்த இழைவுதான், அது மயாமியில் தொண்டை கட்டிய கூச்சலில் அமிழ்ந்துபோகிறது என்பார்கள் அவர்கள். அறுபதுகளில் நியூயார்க் தட்டை வாங்கித் தேயத் தேயக் கேட்டு வளர்ந்த முதியவர்களுக்கோ, தங்கள் யௌவனத்தின் துணையைப் பொய் என்று பின்னால் வந்தவர்கள் சொல்வதைக் கேட்கவே மனம் இடந்தருவதில்லை.

நான் மயாமியின் பக்கம் நிற்பவன். ஆனால் அந்தப் பக்கத்தார் கூறும் காரணத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மயாமியில் பாடியதற்கு அடுத்த மாதமே, 1963 பிப்ரவரியில், அவர் ஹாலிவுட்டில் உட்கார்ந்து 'நைட் பீட்' என்ற தொகுதியைப் பதிவு செய்தார், ஆர்கனுக்குப் பதினாறு வயதுச் சிறுவன் பில்லி பிரஸ்டன், வாத்தியங்கள் சொற்பம், குரல் ஒரு முறைகூட உயர்ந்து கத்துவதில்லை. அங்கே அவரெதிரே சபையே இல்லை, ஆகவே அவர் யாருக்காகவும் வேஷம் போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்த அடங்கிய குரல் மெய்யானால், கோப்பகபானாவின் அடக்கம் மட்டும் எப்படிப் பொய்யாகும்? மென்மையும் முரடும் இரண்டும் அவருக்குச் சொந்தமே. எதிரில் இருப்பவர் எதைக் கேட்டு வாங்குகிறார்களோ அதை அவர் கொடுத்தார்.

முரட்டுக் குரல் மதுவிடுதியில் பிறந்தது என்று எண்ணுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1955 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் ஷ்ரைன் அரங்கில் நடந்த பக்தி இசைக் கச்சேரியின் பதிவு 1993-இல் வெளிவந்தது. இருபத்து நான்கு வயது சாம் குக், சோல் ஸ்டிரர்ஸ் குழுவினரோடு நின்று 'நியரர் டு தீ' என்ற பாட்டை விரித்து விரித்துப் பாடி, அரங்கத்தையே அலற வைக்கிறார். மயாமியில் கேட்ட அத்தனையும் அதில் இருக்கிறது: பாதியில் நிறுத்துவது, கதை சொல்வது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்து உருக்கேற்றுவது, கூட்டத்தின் பதிலுக்குக் காத்திருந்து அதன்மேல் ஏறி நிற்பது. ஹார்லம் ஸ்குவேர் கிளப்பில் அவர் செய்தது தேவாலயத்தில் கற்ற வித்தையைக் காதலுக்குச் செலுத்தியதே. அவரைத் துரோகி என்று வருந்திய பழைய பக்தர்கள் அந்த இரவில் வந்திருந்தால், பாட்டின் பொருள் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் தங்களுடையதாகவே கண்டிருப்பார்கள்.

மயாமித் தட்டின் ரசிகர்களிடையே ஓர் உட்பூசலும் இருக்கிறது. 1985-இல் வந்த தட்டு, 2000-இல் வந்த பெட்டித் தொகுப்பு, 2005-இல் வந்த மறுபதிப்பு ஆகிய மூன்றிலும் ஒலிக்கலவை வேறுவேறு; கூட்டத்தின் ஆரவாரம் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும், குரலும் வாத்தியமும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து ஒலிக்க வேண்டும் என்பதில் அவரவர் ருசிக்கேற்ப ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டு வாதிக்கிறார்கள். தெளிவை விரும்புவோர் ஞாயம் எனக்குப் புரிகிறது. கிங் கர்ட்டிஸின் வாசிப்பு ஒரு ஸ்வரம்கூடத் தப்பாமல் கேட்க யாருக்குத்தான் ஆசையிராது? ஆனால் லூ ரால்ஸின் இடத்தில் நின்று பாடியவர்களின் குரலைத் தணித்துவிட்டால், அந்தப் பாட்டில் சரிபாதியைத் தணித்துவிட்டதாகும். ஓவர்டவுன் மக்களை நான் உரக்கவே கேட்க விரும்புகிறேன்.

நியூயார்க் தட்டுக்கும் நாம் செய்ய வேண்டிய நியாயம் ஒன்று பாக்கியிருக்கிறது. அதில் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சபைக்காகச் சேர்த்த பழைய வேடிக்கைப் பாட்டுகள் இன்று ஒரு முறைக்கு மேல் கேட்கத் தகுந்தவையல்ல. சபையைச் சேர்ந்து பாடச்சொல்லி 'இஃப் ஐ ஹேட் எ ஹாமர்' பாட்டில் அவர் எவ்வளவோ முயல்கிறார். மயாமியில் கேளாமலே வந்தது இங்கே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பின் சுப்ரீம்ஸ் குழுவினர் 1965-இலும், டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் 1968-இலும் தங்கள் கோப்பகபானாத் தட்டுகளை வெளியிட்டதைக் கண்டால், அந்த மேடையை ஜயிப்பது அக்காலக் கறுப்புக் கலைஞர்களுக்கு எவ்வளவு பெரிய லட்சியமாக இருந்தது என்பது விளங்கும். இதையெல்லாம் விட முக்கியமானது அந்த ஜூலையின் தேதி. இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது 1964 ஜூலை 2-ஆம் தேதி. அதற்கு ஐந்தே நாளைக்குப் பின் தொடங்கியது இந்தப் பதிவு. முந்தைய அக்டோபரில் லூசியானா மாகாணத்து ஷ்ரீவ்போர்ட்டில் தங்க அறை மறுக்கப்பட்டு, அதை எதிர்த்துக் கேட்டதற்காகக் கைதான மனிதர் அவர். அவர் அந்தச் சபையில், பாப் டிலனின் 'புளோயிங் இன் த விண்ட்' பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாடினார். தேவாலயப் பிள்ளைகள் பாடுவதும், அந்த ஆண்டுகளில் விடுதலை ஊர்வலங்களில் முழங்கியதுமான 'திஸ் லிட்டில் லைட் ஆஃப் மைன்' என்ற பக்திப் பாட்டையும் பாடினார். வேஷம் என்று சொல்கிறவர்கள் அந்தப் பாட்டை மட்டுமேனும் இன்னொரு முறை கேட்க வேண்டும். சட்டையின் கழுத்துப் பட்டி குலையாமல், குரல் உடையாமல், வெள்ளையரின் விருந்து மண்டபத்தில் அவர் கைதட்டிப் பாடிக்கொண்டிருப்பது, தம் தகப்பனாரின் தேவாலயத்துப் பாட்டை.