கப்பலுக்கு வழிவிட்ட பாம்பன் பாலம்

ரயிலும் போக வேண்டும். குறுக்கே கப்பலும் போக வேண்டும். எது எதற்கு வழிவிடுவது?

நம் நாட்டிலிருந்து இராமேஸ்வரம் யாத்திரை போய் வந்தவர்களுக்குப் பாம்பன் பாலத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால், அது எப்படித் திறந்து மூடியது என்பது பலருக்குத் தெரியாது.

பாலத்தை உயரமாகக் கட்டியிருக்கலாமே என்று தோன்றும். ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. உயரம் கூடினால் இரு கரையிலும் வெகுதூரம் மேடு எழுப்ப வேண்டும். அதனால் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான பாலத்தைத் தாழ்வாகவே கட்டி, கப்பல் போகும் இடத்தை மட்டும் திறக்கும்படி அமைத்தார்கள். 1914 பிப்ரவரி 24ஆம் தேதி அது திறக்கப்பட்டது.

திறக்கும் பகுதியில் இரண்டு இரும்புச் சிறகுகள். ஒவ்வொன்றின் அடியும் ஆடும் நாற்காலியின் கால் போல வளைந்திருக்கும். பின்புறம் கனமான எதிர் எடை உண்டு. இரு பக்கப் பாரமும் ஏறக்குறைய சமம் என்பதால், நூற்றுக்கணக்கான டன் இரும்பைத் தொழிலாளர்கள் கையாலேயே நெம்பித் தூக்கினார்கள். மின்சார மோட்டார் இல்லை! அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் கண்ட முறை இது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலில் போனது. பாலத்தின் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆனால், தூக்குப் பகுதி தாக்குப்பிடித்து நின்றது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் கடலில் கிடந்த கர்டர்களையும் மீட்டு, 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்தார்கள்.

இருந்தும் உப்புக்காற்று இரும்பை விடுமா? 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளப்பதில்லை. மின்சாரத்தால் மின்தூக்கி போல 17 மீட்டர் நேராக மேலே ஏறுகிறது.

பழைய பாலத்தைக் கழற்றிவிட ரயில்வே முடிவெடுத்தது. துருவேறிய பாலம் புதிய பாலத்துக்கும் படகுகளுக்கும் ஆபத்து என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், முழுப் பாலத்தையும் காப்பாற்றத்தான் வேண்டுமா? ஜகார்த்தாவின் காளி பெசார் கால்வாயில், டச்சுக்காரர் காலத்துக் கோத்தா இந்தான் தூக்குப் பாலம் இன்று எந்தப் படகுக்கும் திறப்பதில்லை. இருந்தாலும், நகரின் வரலாற்றுச் சின்னமாக நிற்கிறது.

பாம்பனில் அந்த இரண்டு சிறகுகளையாவது கரையேற்றி நிறுத்தினால் போதும், நேயர்களே! கை பலத்தால் கப்பலுக்கு வழிவிட்ட தொழிலாளர்களுக்கு வேறு நினைவுச்சின்னம் தேவையில்லை.